‘மட’ என்றதோடு நின்ற மெசின்

ஒரு மெசின் பிழையான சுருதியில் பாடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. என் தொழில் வாழ்க்கை தொடங்கிய கதை இவ்வளவுதான்.

இடம், ஊர்காவற்துறையில் கைத்தொலைபேசிக் கடை ஒன்றின் மேல்மாடி. அன்ரன் அண்ணையின் பச்சை குத்தும் அறை. என் சிநேகிதி சாளினி கழுத்துக்குப் பின்னால் ஒரு வண்ணத்துப்பூச்சி குத்தப் போனாள். மண்கும்பானிலிருந்து நான் அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வீட்டில் கேட்டால் இரண்டு பேரும் கணினி வகுப்பில் இருந்ததாகச் சொல்வதும் என் பொறுப்பு. அப்போது நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் முடித்துவிட்டு, நேர்முகத் தேர்வுகளில் கதிரை சூடாக்கித் திரிந்த காலம்.

குத்தத் தொடங்கமுன் அன்ரன் அண்ணை மெசினைக் காற்றில் ஓட்டிப் பார்த்தார். நுளம்பு காதுக்குள் புகுந்த மாதிரி மெல்லிய, அவசரமான சத்தம். உள்ளே ஊசியை ஆட்டும் இரும்புத் துண்டு தன் முழுத் தூரத்துக்கும் போகாமல் பாதி வழியில் திரும்பி வருகிறது என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. “அண்ணை, மேல இருக்கிற ஸ்குறூவை அரைச் சுற்றுப் பின்னால எடுத்தால் சத்தம் சரிவரும்” என்றேன். வாய் எப்போதும் எனக்கு முன்னால் நடக்கும்.

அவர் காலை மிதியிலிருந்து எடுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “அப்ப நீங்களே வந்து திருத்திவிடுங்கோ.”

நான் அதை அழைப்பு என்று நினைத்தேன். போய்த் திருத்திவிட்டேன். மெசின் கருவண்டு மாதிரி ஒரே சீராக முரலத் தொடங்கியது. அவர் வண்ணத்துப்பூச்சியைக் குத்தி முடித்தார். நாங்கள் படியிறங்கும்போது, “பிள்ளை, நாளைக்கும் வாரும்” என்றார். அன்றைக்கு அந்த ‘நீங்களே’க்கும் இந்த ‘வாரும்’க்கும் இடையில் நடந்தது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. விளங்கச் சில மாதம் எடுத்தது.

இப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்படிச் சொன்னால் அப்பா சிரிக்கிறார்; ஓய்வூதியம் எங்கே என்கிறார். ஆனால் ஒரு மெசினைப் பராமரிக்க வைத்த ஆள், அந்த மெசினைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்த பிறகு வேறு என்னவாம்? அன்ரன் அண்ணையிடம் புதிதாகப் பழகும் இரண்டு பேர் போன கிழமை அலுமாரியைக் காட்டி, “அக்கா, உந்த இரும்பு என்னெண்டு ஓடினது, எழுதித் தாங்கோவன்” என்று கேட்டார்கள். கேட்டது ஒரு பக்கத்துக்குத்தான். எழுத உட்கார்ந்தால் நான் நிற்கமாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பழகிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மின்தேக்கிகளைக் கருக்கினேன். ஒரு தடவை கை மயிரைப் பொசுக்கிக்கொண்டேன். தோடம்பழத் தோலில் ஊசி ஓட்டிப் பழகி, வீட்டில் ஒருத்தரும் தோடம்பழம் தின்னாத நிலைக்குக் கொண்டுவந்தேன். அவ்வளவும் முடிந்தபோது அன்ரன் அண்ணை படம் கீறுவதையும் குத்துவதையும் கவனித்துக்கொண்டார். மெசின் என் பொறுப்பு.

மெசின் என்றால் பெரிய விசித்திரம் ஒன்றுமில்லை. பழைய வீட்டு மின்மணிதான்; மணிக்குப் பதிலாக ஊசி. கம்பி சுற்றிய இரண்டு கட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மின்சாரம் வந்தால் அவை காந்தமாகி மேலே இருக்கும் இரும்புத் துண்டைக் கீழே இழுக்கும். துண்டில் தொங்கும் ஊசியும் கீழே போகும். துண்டு இறங்கியவுடன், அதன் முதுகில் இருக்கும் முன் ஸ்பிறிங் மேல் ஸ்குறூவை விட்டு விலகும், மின்சாரம் அறும், பின் ஸ்பிறிங் துண்டைத் திரும்ப மேலே தூக்கும், முன் ஸ்பிறிங் ஸ்குறூவில் முட்டும், திரும்பவும் மின்சாரம். இப்படிக் கண் இமைப்பதற்குள் பல தடவை. முழு வித்தையும் அந்த முன் ஸ்பிறிங்குக்கும் ஸ்குறூவுக்கும் இடையில் இருக்கும் வெளியில்தான் இருக்கிறது. வெளி குறைந்தால் நுளம்பு. கூடினால், ஸ்டார்ட் ஆக மனமில்லாத மோட்டார் சைக்கிள்.

அந்த வெளியை அளக்க இணையத்தில் எல்லோரும் அமெரிக்கச் சில்லறைக் காசைச் சொன்னார்கள். அது எங்களுக்கு எங்கே? கீழ்க்கடையில் எறிந்து கிடந்த சிம் வரும் அட்டைகளை எடுத்து வந்தேன். துண்டைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு இடையில் செருகிப் பார்ப்பேன். கோடு போட இரண்டு அட்டை. நிழல் நிரப்ப மூன்று. நெடுந்தீவிலிருந்து ஒரு மாடு வளர்ப்பவர் வந்தபோது மூன்றும் போதவில்லை. அவர் தன் மாட்டுக்குச் சுடும் குறிக் கம்பியையே சாக்கில் சுற்றிக்கொண்டு வள்ளத்தில் வந்து இறங்கியிருந்தார். அதே குறியைத் தன் புயத்தில் போடவேண்டுமாம். மாடு மாறிப் போனால் குறியைப் பார்த்துப் பிடிக்கலாம், தான் மாறிப் போனால் என்ன செய்வது என்பது அவர் நியாயம். நோகுமா என்று கேட்டதற்கு அன்ரன் அண்ணை, “மாட்டைக் கேட்டுப் பாத்தீரே?” என்றார். வெயிலில் காய்ந்து தடித்த தோல். ஊசி பட்டும் மை ஏறவில்லை. வெளியைக் கூட்டி, ஓங்கிக் குத்தும்படி வைத்துக் கொடுத்தேன். குறி ஏறியது. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இனிக் களவு போகமாட்டேன் என்று சந்தோசமாகப் போனார்.

எங்கள் தீவுப் பக்கத்தில் மெசினுக்கு முதல் எதிரி உப்பு. சோளகம் வீசத் தொடங்கினால் யன்னல் கம்பியைத் தொட்ட கையை நக்கிப் பார்க்கலாம், கறிக்குப் போதும். அந்தக் காற்றில் ஸ்பிறிங் ஒரு கிழமையில் செம்புள்ளி போடும். ஆகவே காலையில் வந்ததும் என் பூசை இது: ஸ்குறூவின் முனையில் பொறி தின்ற கறுப்புக் குழியை மெல்லிய அரத்தாளில் தேய்ப்பது, ஸ்பிறிங்கைக் காய்ந்த துணியால் துடைப்பது, உடம்புக்கு மட்டும் ஒரு பொட்டு எண்ணெய், தொடும் இடத்தில் எண்ணெய் படாமல். ஊசியை அழுத்திப் பிடிக்கும் றபர் வளையத்தைத் தினமும் மாற்றுவது. பின்னேரம் மெசினை பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளை அதன்மேல் போட்டு மூடுவது. அந்தப் பைகளுக்காகவே நான் கலியாண வீடுகளில் புதுச் சப்பாத்துப் போட்டவர்களிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறேன்.

இனி அன்ரன் அண்ணை. முன்பு அவர் வள்ளங்களுக்குப் பெயர் எழுதியவர். ஆகவே அவர் குத்தும் எழுத்து, கரையில் நின்று பார்த்தாலும் கடலில் போகும் வள்ளத்தில் வாசிக்கிற தடிப்பில் இருக்கும். கதிரையில் யார் வந்து இருந்தாலும் கையுறை போடமுன் மூன்று கேள்வி கேட்பார். ஆர் சொல்லி வந்தனீர்? ஆருக்குச் சொல்லாமல் வந்தனீர்? நாளைக்கு என்ன அலுவல்? முதலாவது சும்மா கதைக்கு. இரண்டாவது, படியேறிச் சண்டைக்கு வரக்கூடிய ஆள் யார் என்று முன்கூட்டியே அறிவதற்கு. மூன்றாவதுதான் முக்கியம். நாளைக்குக் கடலுக்குப் போகிறவர், காவடி எடுக்கிறவர், வயலில் நிற்கிறவர், எல்லோரையும் அவர் திருப்பி அனுப்பிவிடுவார். புதுக் காயத்துக்கு உப்புத் தண்ணியும் வெயிலும் ஆகாது.

அவர் ஒருநாளும் ஏசினது கிடையாது. எல்லோருக்கும் ‘நீர்’தான். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் நீர், பிரதேச செயலகத்து அதிகாரிக்கும் நீர், மெசினுக்கும் நீர். “ஏன் காணும் இண்டைக்கு இருமுறீர்?” என்று அதைக் கேட்பார். கோபம் வந்தால்தான் மரியாதை ஏறும். ‘நீர்’ ‘நீங்கள்’ ஆகும். ‘உம்முடைய’ என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘உம்மட’, ‘உங்கட’ ஆகும். ‘தயவு செய்து’ வந்தால் நான் ஓடுவதற்கு ஸ்கூட்டித் திறப்பைக் கையில் எடுத்துவிடுவேன்.

இவ்வளவும் தெரிந்தால்தான் நிரோசனின் கதை விளங்கும்.

நிரோசன் புங்குடுதீவு மடத்துவெளியில் பிறந்து, பிரான்சுக்குப் போய், கலியாணம் கட்டுவதற்காகத் திரும்பி வந்திருந்தவர். பெண் கௌசி, அதே தீவில் இறுப்பிட்டி. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவதுதான் வழக்கம். ஆகவே கௌசியின் ஆட்கள் இப்போதே அவரை ‘இறுப்பிட்டி மாப்பிள்ளை’ என்று பகிடி பண்ணத் தொடங்கியிருந்தார்கள். அதற்குப் பதிலடியாகத் தன் வலது முன்கையில், முழங்கைப் பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ‘மடத்துவெளி’ என்று கறுப்பாக, தடிப்பாக எழுதிக்கொண்டு மணவறையில் இருப்பது என்று முடிவெடுத்து வந்திருந்தார். தன் ஊர்ப் பெடியளுக்குச் சொல்லியும் விட்டார். கலியாணம் எப்போது என்று மட்டும் எங்களுக்குச் சொல்லவில்லை. கிட்டடியில் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

மூன்றாவது கேள்வியை அன்ரன் அண்ணை கேட்டார். நாளைக்கு என்ன அலுவல்?

“வெளியில ஒரு அலுவலும் இல்லை அண்ணை. வீட்டில சும்மா இருக்கிறதுதான்.”

அந்தப் பதிலில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பது இப்போது நினைக்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது.

எழுத்தை ஊதா மையில் கையில் பதித்து, அன்ரன் அண்ணை குத்தத் தொடங்கினார். ‘ம’ நன்றாக வந்தது. ‘ட’ இன்னும் நன்றாக வந்தது. ‘த்’துக்கு ஊசியைக் கொண்டுபோனபோது ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். பல்லில் கல் கடிபட்ட மாதிரி. கருவண்டு வாயை மூடியது. மிதித்துப் பார்த்தார். துண்டு அசையவில்லை.

நான் கழற்றிப் பார்த்தேன். முன் ஸ்பிறிங் மடிப்பில் இரண்டாக ஒடிந்திருந்தது. அதற்காகக் கொழும்பிலிருந்து எடுத்து வைத்திருந்த புதுப் பொட்டலத்தை மேசையில் கொட்டினேன். எல்லாம் பின் ஸ்பிறிங். முன்னுக்குக் கேட்டோம், பின்னுக்கு அனுப்பியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இதே மாதிரி மெசின் வைத்திருந்த ஒருவருக்கு அழைத்தேன், எடுக்கவில்லை.

அன்ரன் அண்ணை நிரோசனின் கையைத் துடைத்துச் சுத்தமான, கண்ணாடி மாதிரி மெல்லிய உறை சுற்றினார். நாளைக்கு வாரும், ஏதும் வழி பாப்பம் என்றார். நிரோசன் எழும்பவில்லை. கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊதா மை துடைபட்டுப் போய், கறுப்பில் இரண்டே இரண்டு எழுத்து நின்றது.

“அண்ணை, இப்ப இதில என்ன எழுதியிருக்கு?”

மடச்சனம், மடச்சாம்பிராணி, மட வேலை என்றெல்லாம் எந்த ஏச்சுக்கும் முன்னால் நாங்கள் வைக்கிற அந்த ‘மட’ அவர் கையில், வள்ள எழுத்தில், கரையில் நின்று வாசிக்கிற தடிப்பில் இருந்தது.

“நாளைக்கு ஏலாது அண்ணை” என்றார் நிரோசன். “நாளைக்குக் காலமை பொன்னுருக்கு.”

தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் அதன் பிறகு மாப்பிள்ளையும் பொம்பிளையும் கலியாணம் வரை வாசல் தாண்டக்கூடாது. அவர் சும்மா வீட்டில் இருக்கப் போவது அதனால்தான். அடுத்ததாக அவர் வெளியே வரும்போது தலைப்பாகையும் சால்வையுமாக, வெறும் மேலோடு, கையை நீட்டிக் கௌசியின் கையைப் பிடிக்க வேண்டும். மூன்று கமெரா. ஒரு பறக்கும் கமெரா. இறுப்பிட்டி முழுக்க. கட்டுப் போட்டு மறைத்தால் மாப்பிள்ளைக்கு என்ன வருத்தம், என்ன காயம் என்று பெண் வீட்டில் கேட்பார்கள். அதுவும் அவருக்கே தெரிந்திருந்தது.

அன்ரன் அண்ணை கையுறையைக் கழற்றினார். விரல் விரலாக. “நீங்கள் தயவு செய்து கதிரையில இருங்கோ” என்றார். நான் ஸ்கூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டேன்.

ஓடுவதற்கு அல்ல. எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. இறங்குதுறைப் பக்கம் யூட் அண்ணையின் வள்ள எஞ்சின் திருத்தும் பட்டறை இருக்கிறது. எஞ்சினில் இடைவெளி அளப்பதற்கு அவர் ஒரு பீலர் கேஜ் வைத்திருந்தார்: வேறு வேறு தடிப்பில் மெல்லிய உருக்குத் தகடுகள், விசிறி மாதிரி விரியும். அதில் ஒரு தகடு என் ஸ்பிறிங்கின் அதே தடிப்பு. நல்ல உருக்கு. வளைத்தால் திரும்பி வரும். அதைவிட நல்ல செய்தி, எல்லாத் தகட்டையும் சேர்த்துக் கோர்க்க அடியில் ஏற்கெனவே துளை போட்டிருக்கிறது. உருக்கில் துளை போட்டு எவரும் என் மாதிரி துளைபோடும் ஊசி முறித்திருந்தால் அந்தத் துளையின் அருமை தெரியும்.

யூட் அண்ணைக்கு அந்தத் தடிப்பு அதுவரை ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. நான் கேட்ட நிமிடத்தில் தேவைப்பட்டுவிட்டது. விசிறியை விரித்துக் காட்டி, ஒன்றைக் கழற்றினால் பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும் என்றார். பிறகு தன் வள்ளத்தின் பெயரில் ஒரு எழுத்தை உப்புத் தின்றுவிட்டது, அன்ரனுக்குச் சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோனது என்றார். நாளைக்கே எழுதித் தருவார் என்று அன்ரன் அண்ணையின் சார்பில் சத்தியம் செய்துவிட்டுத் தகட்டோடு வந்தேன். அன்ரன் அண்ணை அப்போது சத்தியத்தைக் கேட்கும் நிலையில் இல்லை.

தகரம் வெட்டும் கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி அகலத்தைக் குறைத்தேன். வெட்டின ஓரத்தை அரத்தால் வழவழப்பாக்கினேன்; அதில் ஒரு பிசிறு இருந்தாலும் வெடிப்பு அங்கேயிருந்துதான் தொடங்கும். பழைய ஸ்பிறிங்கின் ஒடிந்த இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதே சரிவுக்குக் குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். உருக்கை ஒரு தடவை வளைக்கலாம். திருப்பி நிமிர்த்தி வளைத்தால் மன்னிக்காது. பூட்டி, இரண்டு அட்டை செருகி, ஸ்குறூவை இறக்கி மிதித்தேன்.

பாடியது. ஆனால் வேறு குரலில். மெல்லிய, விறைத்த குரல். வெளியைக் கூட்டினேன், கொஞ்சம் தணிந்தது. தோடம்பழத்தில் ஓட்டிப் பார்த்தேன். கோடு பழையதில் பாதித் தடிப்பு. நிறுத்தி ஸ்பிறிங்கைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தபோது எனக்கு நம்பிக்கை போய்விட்டது; மடிப்பில் உருக்கு வெளிறியிருந்தது.

“அண்ணை, இது நாலு எழுத்துக்குத் தாங்காது” என்றேன். “ரெண்டுக்கெண்டால் நான் பொறுப்பு.”

மிச்சம் இருந்தது நான்கு. த், து, வெ, ளி. பாதியில் ஒடிந்து ‘மடத்து’ என்று நின்றால் அது இன்னொரு வில்லங்கம். கதிரையைச் சுற்றி இருந்து மூன்று பேரும் ‘மட’வில் தொடங்கும் சொற்களைத் தேடினோம். ‘ம்’ போட்டால் மடம் என்றேன். தான் கலியாணம் கட்டப் போவதாகவும் மடத்துக்குப் போகவில்லை என்றும் நிரோசன் நினைவூட்டினார். ‘ல்’ போட்டால் மடல். கடிதம் என்று விளக்கினேன். வாட்ஸப் காலத்தில் இதை ஆருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது என்றார். அவருடைய தொலைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது. தாய், எங்கே நிற்கிறாய், வீட்டில் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று. அவர் ஒவ்வொரு தடவையும் “இந்தா வாறன்” என்று சொல்லிவிட்டுக் கையைப் பார்த்தார். கடைசித் தடவை தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். கண் கலங்கியிருந்தது.

அதைப் பார்த்து அன்ரன் அண்ணைக்கு மனம் இளகிவிட்டது. எழும்பிப் போய்ப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு பழைய குரலில் கேட்டார்:

“சரி தம்பி. உம்மட முடிவு என்ன?”

எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அப்பாடா, ‘உங்கட’ போய் ‘உம்மட’ வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று. பிறகுதான் காதில் அந்தச் சொல் திரும்ப ஒலித்தது. உம்மட. உ, ம், ம, ட.

“அண்ணை, பின்னால ஏன் தேடுறம்?” என்றேன். “முன்னால ரெண்டு எழுத்துப் போடுவம். உ. ம்.”

அன்ரன் அண்ணை நிரோசனின் கையை எடுத்துப் பார்த்தார். வாய்க்குள் வாசித்தார். சிரிக்கவில்லை, ஆனால் மீசை அசைந்தது. நிரோசனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் செத்துப்போனது.

“மடத்துவெளிக்காரன் எண்டு போட வந்தனான் அண்ணை. இது நான் அவவின்ர ஆள் எண்டெல்லோ கிடக்கு.”

“ஓம். கலியாணம் அதுக்குத்தானே கட்டுறது?”

“எங்கட பெடியள் வெட்டுவாங்கள்.”

“வெட்டினால் எழுத்துக்கு மேலால வெட்டச் சொல்லும். எழுத்து பழுதாகக் கூடாது.”

முட்டாள் என்பதா, அவளுடைய ஆள் என்பதா, இரண்டில் ஒன்று. சிலருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அன்ரன் அண்ணை பிறகு என்னிடம் சொன்னார். நிரோசன் பிளேன்ரீயைக் குடித்து முடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

முழங்கை மடிப்புக்கும் ‘ம’வுக்கும் நடுவில் இடம் கொஞ்சம்தான். அந்தத் தோல் மெல்லியது, இழுத்துப் பிடித்தால்தான் கோடு நேராக வரும். நான் பிடித்தேன். ‘உ’ வளைந்து வந்தது. மெசின் விறைத்த குரலில் பாடியது. அதன் ஒவ்வொரு மூச்சையும் நான் எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். ‘ம்’மின் புள்ளியை வைத்துவிட்டு அன்ரன் அண்ணை காலை எடுத்தார். ஸ்பிறிங்கைக் கழற்றினேன். மடிப்பில் மயிர் மாதிரி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. இன்னொரு எழுத்து இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நிரோசன் அதைக் காணமுன் அன்ரன் அண்ணை என் கையிலிருந்து வாங்கிப் பொக்கற்றில் போட்டார். எண்ணெய் படாமல், சந்தனம் படாமல், பெரியவர்கள் பால் அறுகு வைத்து வாழ்த்தும்போது கையை உயர்த்தாமல் இருக்கச் சொல்லி அனுப்பினோம்.

கலியாணத்துக்கு எங்களுக்கும் சொல்லியிருந்தார். பின்வரிசையில் இருந்தோம். கையைப் பிடிக்கும் நேரம் வந்தது. ‘உம்’ சின்னதாக, மெல்லியதாக, வெட்கப்பட்டுச் சொன்ன மாதிரி. ‘மட’ பெரிதாக, அடித்துச் சொன்ன மாதிரி. கௌசி கையை நீட்டப் போனவள் நிறுத்தி, தலையைச் சரித்து வாசித்தாள். ஐயர் மந்திரத்தை இன்னொரு தடவை சொன்னார். அவள் நிரோசனின் காதுப் பக்கம் குனிந்து என்னவோ கேட்டாள். அவர் திருதிருவென்று முழித்தார். பிறகு அவள் கையைக் கொடுத்தாள்.

அவள் கேட்டதைப் பிறகு நிரோசனே சொன்னார். “என்ர... என்ன?”

மடத்துவெளிப் பெடியள் வெட்டவில்லை. இறுப்பிட்டி ஆட்கள்தான் வாய் அடைத்துப் போனார்கள். ஊர்ப்பெயருக்குப் பதில் பகிடி யோசித்து வைத்திருந்தார்கள். இதற்கு ஒன்றும் இல்லை. ஒரு எழுத்து மெல்லிதாகவும் ஒரு எழுத்துத் தடிப்பாகவும் குத்துவது புதுப் பாணி என்று நினைத்து, அதேபோல் வேண்டுமென்று மூன்று பேர் படியேறி வந்தார்கள். அன்ரன் அண்ணை அவர்களை நீங்கள் என்று அழைத்தார்.

சில மாதத்தில் பிரான்சிலிருந்து நிரோசன் நன்றிக் கடனாக ஒரு பெட்டி அனுப்பினார். உள்ளே பேனா மாதிரி ஒரு புது மெசின். வயர் இல்லை, ஸ்பிறிங் இல்லை, ஸ்குறூ இல்லை. ஊசியைச் செருகி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். சத்தமும் இல்லை, பக்கத்தில் பூனை உறங்கும். அதைத் திருத்த எனக்கு ஒன்றும் இல்லை. திறக்கவும் ஏலாது, திறந்தால் உத்தரவாதம் போய்விடுமாம். இப்படித்தான் ஒரு மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றி என் வேலையை நானே இழந்தேன். இப்போது யாழ்ப்பாணத்தில் பல் வைத்தியர்களின் துளைபோடும் கருவிகளைத் திருத்துகிறேன். அதுவும் பாடும். ஆனால் கேட்பவர் வாயைத் திறந்துகொண்டு இருப்பதால் ரசிக்கமாட்டார்.

எழுதித் தாருங்கோ என்று பழகும் பிள்ளைகள் கேட்ட அதே கிழமை கௌசியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. கோயில் திருவிழாவுக்கு இரண்டு பேரும் பிரான்சிலிருந்து வருகிறார்களாம். தன் கையிலும் குத்த வேண்டுமாம், நிரோசனுக்குக் காட்டாமல், அதே பழைய மெசினில், அதே வள்ளத் தடிப்பில். பேனாவாலும் அந்தத் தடிப்பு வரும் என்று எழுதினேன். “எனக்குச் சத்தம் வேணும் அக்கா. அவர் அடுத்த அறையில இருந்து கேக்கோணும், என்ன குத்துறன் எண்டு தெரியாமல் துடிக்கோணும்” என்றாள். என்ன சொல் என்று கேட்டேன். அவர் கையில் ‘உம்மட’ என்று இருக்கிறதுதானே, பக்கத்தில் பிடித்தால் பதில் மாதிரி இருக்க வேண்டும் என்றாள்.

“பாப்பம்.”

அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதானாம்.

அலுமாரியிலிருந்து மெசினை இறக்கிவிட்டேன். அன்ரன் அண்ணை எழுத்தைக் கீறி வைத்திருக்கிறார். ‘ப’ என்றால் மூன்று நேர்கோடு, இரண்டு மூலை. வளைவில் தடுமாறினால் அழகு என்று சொல்லித் தப்பலாம், நேர்கோட்டில் ஏலாது. வெளியை மயிரிழையில் வைக்க வேண்டும். எங்கே நின்றால் என்ன வரும் என்றும் எழுதிப் பார்த்தேன். ‘பா’வில் நின்றால் பாட்டு. ‘பாப்’ என்றால் ஒன்றும் இல்லை. ‘பாப்ப’வில் நின்றால், அக்கம்பக்கத்தில் வாசிக்கிறவர்கள் பாப்பா என்று நினைத்து, குழந்தை எப்போது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கௌசி இன்னும் ஆயத்தமில்லை.

முன் ஸ்பிறிங் கொழும்பில் இப்போது வருவதில்லை, ஒரு தகடோ இரண்டு எழுத்துக்குத்தான் தாங்கும்; ஆகவே நாளைக்குக் காலமை யூட் அண்ணையிடம் போகிறேன். இந்தமுறை இரண்டு தகடு கேட்கப்போகிறேன்.